கோர்ட் வாசலுக்கு எத்தனை மைல்? பட்டாசு ஊர்களில் இலவச சட்ட உதவியின் கதை

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் அங்கே இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அந்த நீதிமன்ற வளாகத்தில்தான் இயங்குகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் சிவகாசி. சுற்றிலும் பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற கிராமங்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு சட்டச் சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புருஷன் வாங்கிய கடனுக்கு இவள் வீட்டை எழுதி வாங்கலாமா என்பது போன்ற சின்ன சந்தேகம்தான். பதில் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ் காசு செலவழிக்க வேண்டும், மதியம் வெளியில் சாப்பிட வேண்டும். அன்றைக்கு வக்கீல் இல்லை என்றால் இன்னொரு நாள். போர்டில் ‘இலவசம்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அவள் கணக்கில் அது இலவசம் இல்லை. காமர்ஸ் புத்தகத்தில் இதற்கு ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். சிவகாசியில் அது சனிக்கிழமை சம்பளக் கவரில் வரும்.

இந்தத் தூரம் நேற்று வந்ததல்ல. 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் அமைத்தபோது விருதுநகர், சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அதற்குள் போயின. ராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் வெகுகாலம் இருந்தது மதுரையில்! ஒரு மாவட்டத்தின் தலைமை அலுவலகம் இன்னொரு மாவட்டத்துக்குள். 1985 மார்ச்சில் அந்த மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து, காமராஜர் பெயரில் தனி மாவட்டம் ஆக்கிய பிறகுதான் (இன்றைய விருதுநகர் மாவட்டம் அதுதான்) கலெக்டர் பக்கத்தில் வந்தார். கோர்ட் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில்.

அரசாங்கம் சட்ட உதவி கொடுக்க ஆரம்பிக்கும் முன் இந்த ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போகவே இல்லையா? போனார்கள். நன்றாகவே போனார்கள். ஆனால் இரண்டில் ஒன்று வேண்டும்: பொதுப் பணம், அல்லது தெரிந்த வக்கீல்.

முதலாவதற்கு உதாரணம் கமுதி கோயில் வழக்கு. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து தொடரப்பட்ட வழக்கு மதுரையில் ஆரம்பித்து, சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-ல் அங்கேயும் தோல்வி. தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு வழக்கை நடத்தி லண்டன் வரை கொண்டு போக எவ்வளவு பணம் வேண்டும்! விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்று பொதுவுக்கு எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தது. 1889-ல் விருதுநகரில் ஆரம்பித்த சத்திரிய வித்தியாசாலை அந்த மாதிரிப் பொதுப் பணத்தில் வளர்ந்த பள்ளிதான், காமராஜர் படித்த பள்ளி. உறவின்முறையும் மகமையும் உள்ள ஒரு சமூகம் தோற்றாலும் லண்டன் வரை போய்த் தோற்கலாம். அப்படி ஒரு பொதுப் பெட்டி இல்லாத சமூகங்களுக்கு, கிணற்றுத் தகராறுகூட ஊர் நாட்டாமையோடு முடிந்துவிடும்.

இரண்டாவதற்கு உதாரணம் காமராஜரே. 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவரைச் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினார்கள். குற்றச்சாட்டு நிற்கவில்லை, விடுதலை ஆனார். இந்த ஜார்ஜ் ஜோசப் மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து கள்ளர் சமூகத்தினருக்காக நின்றதால் ‘ரோசாப்பு துரை’ என்று கிராமங்களில் அழைக்கப்பட்டவர். காமராஜரிடம் அன்று பணம் இல்லை, ஆனால் காங்கிரஸ் இருந்தது, கட்சிக்கார வக்கீல்கள் இருந்தார்கள். அதே விருதுநகரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் மீது அதே வழக்கு போடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியை ஒருவர் தீவிரமாகவே யோசித்தார். வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வக்கீலாக இருந்தார். 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்கு சட்ட உதவி செய்தார் என்று சொல்லி அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். உதவி செய்வதும் குற்றம் ஆன காலம் அது. 1952-ல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மொழிவழி மாநிலம் பிரிந்தபின் 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சர் ஆனார். ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகள் கேரளத்தில் வந்தது அந்தக் காலத்தில்தான்.

இந்தியாவில் அதற்கு முன் இருந்ததெல்லாம் தர்ம காரியம். 1920-களில் பம்பாயில் ஒரு சட்ட உதவிச் சங்கம் இருந்தது. வெளிநாட்டிலும் தொடக்கம் அப்படித்தான்: 1876-ல் நியூயார்க்கில் ஜெர்மன் குடியேறிகள் தங்கள் ஆட்களை ஏமாற்றுகிறவர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு சங்கம் வைத்தார்கள், அதுதான் பிறகு பெரிய சட்ட உதவி அமைப்பானது. நல்ல மனசுக்காரர் இருக்கிற ஊரில் உதவி கிடைக்கும், இல்லாத ஊரில் கிடைக்காது. இதை மாற்றி, உதவி கொடுப்பது அரசின் கடமை என்று எழுதவைத்ததில் கிருஷ்ணய்யருக்கும், குஜராத்தில் 1970-71-ல் இதே வேலையைச் செய்த பி.என்.பகவதிக்கும் பெரும் பங்கு உண்டு. 1972-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்கு கிருஷ்ணய்யர் தலைவர். 1973-ல் அறிக்கை வந்தது. 1976-ன் 42-வது திருத்தத்தில் அரசியல் சட்டத்துக்குள் 39-ஏ பிரிவு வந்தது. எமர்ஜென்சி காலத்துத் திருத்தம் அது. அதில் இருந்த பலவற்றைப் பின்னால் வந்த ஆட்சி நீக்கியது, இதை விட்டுவைத்தது.

1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரையை வைத்தே சுப்ரீம் கோர்ட் விசாரித்தது. வக்கீல் வைக்க முடியாதவருக்கு வக்கீல் கொடுப்பது 21-வது பிரிவின் பகுதி என்று பகவதி எழுதினார். எல்லாம் சரி. ஆனால் இவையெல்லாம் கைதானவருக்கான உரிமை. கைதாகாமல், கூலி பாக்கிக்கும் பட்டாவுக்கும் அலைகிற ஆளுக்கு?

அவருக்காக வந்ததுதான் 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அதன் 12-வது பிரிவைப் பார்த்தால், சிவகாசியை மனதில் வைத்தே எழுதியதோ என்று தோன்றும். இலவச சட்ட உதவிக்கு யாருக்கெல்லாம் உரிமை? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள்... இவர்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது. பட்டாசு ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் இந்தப் பட்டியலுக்குள் வராதவர் யாரும் இருக்க முடியாது.

ஆனால் ஒரு சங்கதி. 1987-ல் நிறைவேறிய சட்டம் அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9-ம் தேதி. எட்டு வருஷம் கெஜட்டில் தூங்கியது! இப்போது நவம்பர் 9-ஐ தேசிய சட்டப் பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். எட்டு வருஷத் தாமதத்துக்கு எந்தத் தினமும் இல்லை.

அந்த எட்டு வருஷத்துக்குள் சிவகாசியில் என்ன நடந்தது?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மழை இல்லாத பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. பிறகு பட்டாசு, அச்சுத்தொழில் என்று வளர்ந்தது. வளர்ந்தபோது குழந்தைகளும் வேலைக்குப் போனார்கள். விடியுமுன் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் பற்றி 1980-களில் ஏகப்பட்ட கட்டுரைகள் வந்தன. 1986-ல் டெல்லி வக்கீல் எம்.சி.மேத்தா சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். 1990 அக்டோபர் 31-ல் தீர்ப்பு. தயாரிப்பு வேலையில் குழந்தைகள் கூடாது, ஆனால் தயாரிப்பு இடத்திலிருந்து தள்ளி, பேக்கிங் வேலையில் இருக்கலாம் என்றது. இன்றைக்குப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாய இன்ஷூரன்ஸ், பிரீமியம் முதலாளி கட்ட வேண்டும் என்றது அதில் நல்ல பகுதி.

அடுத்த வருஷமே, 1991-ல், சிவகாசி பட்டாசு ஆலை ஒன்றில் வெடிவிபத்து. 39 பேர் இறந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இம்முறை ஒரு வித்தியாசமான காரியம் செய்தது. ஆர்.கே.ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி.துவா என்று மூன்று வக்கீல்களைக் குழுவாகப் போட்டு, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னது. நவம்பரில் அறிக்கை வந்தது. கோர்ட்டுக்கு ஆட்கள் போவது வழக்கம். கோர்ட் அனுப்பி வக்கீல்கள் பட்டாசு ஊருக்கு வந்தார்கள். அதற்கு 39 உயிர் போக வேண்டியிருந்தது.

1996 டிசம்பர் 10-ல் இறுதித் தீர்ப்பு. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். ஒரு சிவகாசி வழக்கு இந்தியா முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையை அசைத்தது. பத்து வருஷம் நடந்த அந்த வழக்கில் மனுதாரர் டெல்லிக்காரர், வக்கீல்கள் டெல்லிக்காரர்கள். ஊர்க்காரர் ஒருவர் தானாக ஒரு வக்கீலிடம் போய் கேட்டு ஆரம்பித்ததல்ல அது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம்.

பிறகும் வெடித்தது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். அச்சங்குளம் விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்துக்கொண்டது, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கு, மறுபடியும். ஒவ்வொரு முறையும் சட்டம் வெடித்த பிறகு வருகிறது, தூரத்திலிருந்து வருகிறது.

வெடிப்பதற்கு முன்னால் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை உண்டு, அதில் பாதி கணக்குப்பிள்ளை வேலை.

பட்டாசுத் தொழிலின் பெரிய நோய் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் (டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று அதிலேயே படிநிலை உண்டு), ரூம்களை எடுத்து நடத்துகிறவர் இன்னொருவர், அவரிடமிருந்து எடுத்தவர் மூன்றாமவர். அச்சங்குளத்திலும் இதுதான் நடந்திருந்தது. அங்கே மருந்து அடைக்கிறவர் யாருடைய தொழிலாளி? வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டா? எந்தப் பெயரில்? உயிரோடு இருக்கும்போது கேட்டால் அரை மணி நேரத்தில் தீர்கிற கேள்வி, இறந்தபிறகு பல வருஷ வழக்காகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிட்டார்கள். 30 வயதுக்கு அந்த எண் 207.98. மாதம் 8,000 ரூபாய் என்றால் 4,000 × 207.98 = 8,31,920 ரூபாய். அதே ஆளுக்குப் பதிவேட்டில் 6,000 என்று எழுதியிருந்தால் 6,23,940. பதிவேட்டில் 2,000 ரூபாய் குறைந்தால் குடும்பத்துக்கு 2,07,980 ரூபாய் குறையும்! பெயரே இல்லை என்றால் வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க வேண்டும். கோரிக்கை வைக்க அந்தச் சட்டம் கொடுத்த அவகாசம் இரண்டு வருஷம். (ஈ.எஸ்.ஐ.யில் பதிவு இருந்தால் வழி வேறு, குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. அதற்கும் பதிவு இருக்க வேண்டும்.) 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் சம்பளத்துக்குச் சாட்சி வேண்டும் என்பது மாறவில்லை. ‘உன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. நம்பர் தெரியுமா’ என்று முன்னாலேயே கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால் போதாது.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2009-ல் சட்டத் தன்னார்வலர் திட்டம் வந்தது. 2011-ல் சட்டப் பணிகள் கிளினிக்குகளுக்கான விதிமுறைகள் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி: பெரிய ஆபரேஷன் இங்கே கிடையாது, ஆனால் காய்ச்சலைப் பார்த்துச் சொல்வார்கள், மனு எழுதித் தருவார்கள், பெரிய விஷயம் என்றால் மேலே அனுப்புவார்கள். மக்கள் சுலபமாக வரக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி.

சுலபமாக வரக்கூடிய இடம் எது? பஞ்சாயத்து ஆபீஸ் என்றால் தலைவருக்கு எதிரான புகாரோடு யார் போவார்கள்? போலீஸ் ஸ்டேஷன் பற்றிச் சொல்லவே வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை குறைதீர் நாளன்று மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் இந்த நாட்டு ஏழையின் முதல் சட்ட ஆலோசகர் அவர்தான், காசு வாங்குகிறார் என்பதைத் தவிர. ஆனால் திங்கட்கிழமை வேலை நாள்.

மீதி இருப்பது நூலகம். இது புது யோசனை இல்லை. 1939 செப்டம்பரில் யுத்தம் ஆரம்பித்ததும் இங்கிலாந்தில் குடிமக்கள் ஆலோசனை மையங்கள் திறந்தார்கள், முதல் வீச்சிலேயே சுமார் 200. ரேஷன், வாடகை, குண்டுவீச்சில் போன வீடு என்று கேள்விகள் குவிந்தன. பொது நூலகங்களிலும் மேசை போட்டார்கள். குதிரை ஏற்றும் வண்டியைக்கூட ஆபீஸாக்கி குண்டு விழுந்த தெருக்களுக்கு ஓட்டிப் போனார்கள். (அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1931-ல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியது. தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். வண்டி விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது.) அமெரிக்காவில் 2018 வாக்கில் சட்ட உதவி நிறுவனமே நூலகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நூலகர் சட்டம் சொல்வதற்காக அல்ல, வந்தவரைச் சரியான ஆளிடம் அனுப்புவதற்காக.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரி வசூலிக்கிறார்கள், குடிசைக்கு வரி கட்டுகிறவரும் கட்டுகிறார். 2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டிடம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது என்பது வேறு வருத்தம். ஆனால் கட்டிடம் இருக்கிறது, மேசையும் பெஞ்சும் இருக்கின்றன. நூலகத்துக்குள் நுழைகிறவரை ‘என்ன விஷயமா வந்தே’ என்று யாரும் கேட்பதில்லை. பேப்பர் படிக்க வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல வருகிற பெண்ணுக்கும், முதலாளி மேல் புகார் சொல்ல வருகிற தொழிலாளிக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, பலரும் கவனிக்காதது. பட்டாசு ஆலைக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. கோர்ட், தாலுகா ஆபீஸ், தொழிலாளர் துறை, பேங்க் எல்லாவற்றுக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளிக்கு நேரம் இருக்கும்போது சர்க்கார் தூங்குகிறது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்கு மட்டும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, கூலி எதையும் இழக்காமல், மறுநாள் காலை ஒரு தொழிலாளி நடந்தே போகக்கூடிய அரசு அறை ஊரில் அது ஒன்றுதான். மாதம் இரண்டு ஞாயிறு ஒரு வக்கீலும் ஒரு சட்டத் தன்னார்வலரும் அங்கே உட்கார மாவட்ட ஆணைக்குழுவுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒரு விபத்து இழப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கணக்கிலேயே வராது.

அப்படி ஒரு மேசைக்கு வருகிறவர் கொண்டுவர வேண்டியது ஆதார் கார்டு, சம்பளக் கவர் இருந்தால் அது, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அது. வருமானச் சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் அலைய வேண்டியதில்லை. பெண் என்பதே போதும், ஆலைத் தொழிலாளி என்பதே போதும். இதற்கு நடுவில் அவசரம் என்றால் 15100 என்ற தேசிய சட்ட உதவி எண் இருக்கிறது, போன் செலவு கிடையாது.